டிரெண்டிங் செய்திக்குக் கருத்துச் சொல்வது எப்படி? பொன்னமராவதியிலிருந்து தொடங்குகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன் கையில் இருக்கிறது. ஒரு காலர் மைக் வாங்கிவிட்டால், டிரெண்டாகும் செய்தியைப் பற்றிப் பேசி ஷார்ட்ஸ் போட வேறு சாமான் எதுவும் வேண்டாம். ரிங் லைட்டெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே முகம் தெளிவாக விழும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் ஒரு கார் அறிமுகமானால், மதியச் சாப்பாட்டுக்குள் தமிழில் அதைப் பற்றி வரிசையாக வீடியோ வந்துவிடுகிறது. முக்கால்வாசி, கம்பெனி கொடுத்த குறிப்பை ஆளுக்கொரு குரலில் வாசிக்கிறவை. அதையே பொன்னமராவதியிலிருந்து இன்னொருவர் எதற்கு வாசிக்க வேண்டும்?

வேகத்தில் சென்னைக்காரர்களோடு போட்டி போட முடியாது. கார் கம்பெனி நம்மை ஓட்டிப் பார்க்கக் கூப்பிடப் போவதில்லை. சினிமா பிரஸ் ஷோவுக்கு அழைப்பு வராது. ரயிலே வராத ஊருக்கு அதெல்லாம் எங்கே வரும்! ஆனால் ஒரு நாள் பிந்தினாலும், செய்தியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிற ஆள் தமிழில் குறைவு. அந்த இடம் காலியாக இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: ஒன்றைப் பிடியுங்கள்

டெக், அறிவியல், கார், சினிமா என்று நான்கையும் தொடங்கும்போதே எடுத்துக்கொண்டால் நான்கிலும் மேலோட்டமாகத்தான் பேச வரும். உங்களுக்கு ஏற்கெனவே எதில் பழக்கம் என்று பாருங்கள். வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர் வண்டியைப் பற்றிப் பேசலாம். பிளஸ் டூவில் இயற்பியல் பிடித்தவர் அறிவியலுக்குப் போகலாம். செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த மாடலில் டிஸ்ப்ளே அடிக்கடி போகிறது என்பது எந்த விமர்சகரையும்விட நன்றாகத் தெரியும்.

‘ஊரில் இருந்தால் யார் பார்ப்பார்கள்’ என்ற சந்தேகம் வேண்டாம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’தான், 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல். வயல்வெளியில் பெரிய பாத்திரத்தை வைத்துச் சமைத்தார்கள். எது டிரெண்ட் என்று அவர்கள் தேடிப் போனதாகத் தெரியவில்லை.

படி 2: செய்தி எங்கே பிறந்தது என்று பாருங்கள்

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் நாலாவது கை, ஐந்தாவது கைச் செய்தியாக இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு எண் உதிரும், ஒரு வியப்புக்குறி ஏறும். வந்த வழியே திரும்பிப் போங்கள். விண்வெளி என்றால் இஸ்ரோ, நாசா தளங்கள். வண்டி எத்தனை பதிவானது என்றால் மத்திய அரசின் வாஹன் பக்கம். கார் மோதல் பரிசோதனை என்றால், 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப்பின் தளத்தில் மதிப்பெண்ணே இருக்கிறது. படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, முதலில் எங்கே வெளியானது என்று பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநர் என்பதால் தமிழில் கொண்டாட்டம் இரட்டிப்பாக இருந்தது. அந்தச் சூட்டில், நிலவு மண்ணில் அசோகச் சின்னம் அச்சடித்தாற்போல் பதிந்திருக்கும் படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. யாரோ கணினியில் வரைந்த படம் அது. ரோவர் சக்கரத்தில் சின்னம் இருந்தது உண்மை, படம் உண்மையில்லை. பாதி உண்மையோடு வரும் இந்த வகைதான் படித்தவர்களையும் ஏமாற்றும். 2016-ல் 2,000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது என்று டிவியிலேயே சொன்னார்கள். நோட்டே போய்விட்டது, சிப்பை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசின் பிஐபி, தனியார் தரப்பில் யூடர்ன் என்று மூன்று இடத்தில் தேடலாம். அரசைப் பற்றிய செய்திக்கு அரசு அமைப்பு சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது என் கருத்து.

படி 3: அறிவியல் செய்தியில் சதவீதத்தைக் கண்டு அலறாதீர்கள்

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள தொலைநோக்கி ஒன்று ஒரு விண்கல்லைக் கண்டது. பெயர் 2024 ஒய்ஆர்4. 2032-ல் அது பூமியில் மோத ஒரு சதவீத வாய்ப்பு என்றார்கள். பிறகு இரண்டு ஆனது. 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம். ‘நாளுக்கு நாள் அதிகரிக்கும் ஆபத்து’ என்று தமிழில் எத்தனை தம்ப்நெயில்! அடுத்த சில நாட்களிலேயே அந்த எண் ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. உடனே, ‘விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்று அடுத்த சுற்று வீடியோ.

யாரும் மாற்றிப் பேசவில்லை. தொலைந்த சாவி ஊருக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தேடத் தேட, ‘இந்தத் தெருவில்தான்’ என்று குறுகினால், சாவி நகராமலே உங்கள் வீட்டின் வாய்ப்பு கூடிவிடும். கடைசியில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடைத்தால் உங்கள் வாய்ப்பு ஒரே அடியாகப் பூஜ்யம். விண்கல்லும் அப்படித்தான். புதிய அளவீடு வர வர அது கடக்கக்கூடிய பகுதி சுருங்கியது. பூமி சிறிது காலம் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்ததால் சதவீதம் ஏறியது. பிறகு வெளியே வந்துவிட்டது. எண் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் தமிழில் இதை ஒருவர் நிதானமாகச் சொல்லியிருந்தால், பீதி வீடியோ அத்தனைக்கும் நடுவில் அது தனியாக நின்றிருக்கும்.

படி 4: உங்கள் வண்டியிலேயே சோதித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஊரில் இருப்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான்.

2025 ஆகஸ்டில் இ20 பெட்ரோல் நாடெங்கும் பேச்சாக இருந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மைலேஜ் பாதியாகிவிட்டது என்று ஒரு பக்கம், ஒன்றுமே ஆகாது என்று மறு பக்கம். பெட்ரோலிய அமைச்சகம் ஒரு கணக்குச் சொன்னது: இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்றபடி சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம். கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது.

யாரை நம்புவது? யாரையும் நம்ப வேண்டாம், பெருக்கிப் பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட ஆறு, ஏழு சதவீதம் இழப்பு. ஆனால் நாம் 2022-லேயே சராசரியாக 10 சதவீதக் கலப்புக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து கணக்கிட்டால் குறைவது மூன்று சதவீதத்தை ஒட்டித்தான். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த பைக் 48 சொச்சம் கொடுக்க வேண்டும். 40-க்கு இறங்கியிருந்தால் டயர் காற்று, கிளட்ச், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எத்தனாலிடம் வர வேண்டும்.

இனி வண்டிக்கு வாருங்கள். முதலில் பங்க்காரரிடம் கேளுங்கள்.

“அண்ணே, இப்ப வர்றது இ20 தானே?”

“எல்லா பங்க்லயும் அதான் தம்பி. வேற எதுவும் வர்றதில்ல.”

தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள். அதற்குமேல் ஒரு சொட்டுகூடத் திணிக்க வேண்டாம். கிலோமீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். வழக்கமான பாதையில், வழக்கமான ஆள் பாரத்தோடு ஓட்டுங்கள். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் போய்வருகிறவர் என்றால் இன்னும் நல்லது. டேங்க் முக்கால்வாசி தீர்ந்ததும் அதே பங்க், அதே பம்ப், மறுபடி தானாக நிற்கும் வரை. ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை போதாது. குறைந்தது நான்கு முறை போட்டுச் சராசரி எடுங்கள், ரசீதுகளைத் திரையில் காட்டுங்கள். வண்டி 2023 ஏப்ரலுக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பின் வந்தவை இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. பழைய வண்டிக்காரரின் கவலை மைலேஜோடு முடிவதில்லை, ரப்பர் குழாயும் கேஸ்கெட்டும் இருக்கின்றன. அதற்குப் பேச வேண்டிய ஆள் உங்கள் தெரு மெக்கானிக். அவர் பிரித்துப் போட்ட பழைய குழாயை ஒரு குளோசப் எடுங்கள். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

கலப்புக் கூடியும் விலை ஏன் இறங்கவில்லை என்பதை மட்டும் உங்கள் டேங்கை வைத்து அளக்க முடியாது. அதைக் கேள்வியாகவே கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

படி 5: கார் விலையில் தில்லிக் கணக்கை வாசிக்காதீர்கள்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. 1,200 சிசிக்கு உட்பட்ட, நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் பெட்ரோல் காருக்கு அதற்கு முன் 1 சதவீத செஸ்ஸும் இருந்தது. ‘கார் விலை 11 சதவீதம் குறைந்தது’ என்று தலைப்பு வைத்தவர்கள் ஏராளம். வரிக்கு முன் 5 லட்சம் என்றால் பழைய விலை 6,45,000. புதிய விலை 5,90,000. குறைந்தது 55,000, பழைய விலையில் அது எட்டரை சதவீதம்தான். இதைச் சொல்ல நாற்பது நொடி போதும்.

எக்ஸ்-ஷோரூம் விலைக்கு மேல் நம் மாநிலத்துச் சாலை வரி இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தியபின் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் காருக்கும் சற்று மேலே இருக்கும் காருக்கும் வரியில் மட்டும் ஏறத்தாழ 50,000 ரூபாய் வித்தியாசம். ‘கூட இருபதாயிரம்தானே, மேல் மாடலே வாங்குங்கள்’ என்று தில்லி விலையை வைத்துச் சொல்லும் இந்திச் சேனலைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னால், கேட்டு வாங்கியவர் உங்களைத் திட்டுவார். நியாயமாகத்தான் திட்டுவார்.

படி 6: சினிமா வசூல் என்றால் எந்த வசூல்?

தியேட்டரில் விற்ற டிக்கெட்டின் மொத்தத் தொகை கிராஸ். வரி போக மிச்சம் நெட். அதிலிருந்து தியேட்டர்காரர் பங்கைக் கழித்தபின் விநியோகஸ்தருக்கு வருவது ஷேர். பெரிய நடிகர் படம் என்றால் முதல் வாரத்தில் விநியோகஸ்தர் கை ஓங்கியிருக்கும், போகப் போகத் தியேட்டர் பங்கு கூடும். போஸ்டரில் போடுவது பெரும்பாலும் கிராஸ், அதுவும் உலகம் முழுவதற்கும் சேர்த்து. ரசிகர் சண்டையில் பாதி, ஒருவர் கிராஸையும் இன்னொருவர் ஷேரையும் வைத்துக்கொண்டு மோதுவதால் வருவது.

தென் கொரியாவில் அரசு திரைப்பட அமைப்பு ஒவ்வொரு நாளும் எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வெளியிடுகிறது. இங்கே அப்படிப் பொதுவில் பார்க்கக்கூடிய அதிகாரபூர்வக் கணக்கு கிடையாது. டிராக்கர்கள் சொல்வது மதிப்பீடு, தயாரிப்பாளர் சொல்வது விளம்பரம். ஆகவே யார் சொன்ன எண் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

விமர்சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கங்குவா’ வெளியான 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்கள் பார்வையாளர் கருத்து எடுப்பதை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டது. தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கேட்ட தடை உடனே கிடைக்கவில்லை. படம் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நடிகரின் உடம்பு, குடும்பம், சாதி பற்றிப் பேச அந்த உரிமை நீளாது. ஊரில் படம் எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டுமானால், முதல் நாள் பட்டாசைவிடத் திங்கட்கிழமை மாலைக் காட்சியின் காலி நாற்காலிகளைப் பாருங்கள்.

படி 7: புது ஆப் வந்தால் யார் மாறுவார்கள் என்று கேளுங்கள்

ஸோஹோ கம்பெனியின் ‘அரட்டை’ மெசேஜ் ஆப் 2021-லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் திடீரென்று அலை அடித்தது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது மூன்றே நாளில் 3,50,000 ஆனது என்றார் ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் கம்பெனி என்பதால் தமிழ் வீடியோக்களில் பெருமைக்குக் குறைவில்லை. பெருமைப்படலாம், தப்பில்லை. கூடவே இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று: அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத குறியாக்கம் உண்டா? அந்த அலையின்போது அழைப்புகளுக்கு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இரண்டு: சிங்கப்பூரில் இருக்கும் மகன் மாறினால் ஊரில் இருக்கும் அம்மாவும் மாற வேண்டும், அவரோடு மகளிர் குழு, ரேஷன் கடைத் தகவல் குரூப், கோயில் கமிட்டி எல்லாம் மாற வேண்டும். நடக்குமா? ட்விட்டருக்கு மாற்று என்று கொண்டாடிய ‘கூ’ 2024 ஜூலையில் மூடப்பட்டதை இந்த இடத்தில் நினைவூட்டலாம். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் என்பதால், இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் நேரடி சாட்சி இருக்கிறது. தெருவில் நான்கு அம்மாக்களைக் கேட்டாலே வீடியோ ஆகிவிடும்.

படி 8: எழுதிக்கொண்டு பேசுங்கள்

‘சும்மா பேசறதுதானே’ என்று கேமராவை ஆன் செய்தால் ‘ஆக்சுவலா’, ‘பேசிக்கலி’ என்று பாதி நேரம் போய்விடும். எழுதுங்கள், பிறகு உங்கள் பேச்சில் சொல்லுங்கள். ஒரு மாதிரி பாருங்கள்.

முதலில் வரும் வடிவம்: ‘நண்பர்களே, உலகமே எதிர்பார்த்த டெஸ்லா இந்தியாவுக்கு வந்தாச்சு! விலையைக் கேட்டா ஆடிப்போயிடுவீங்க! வீடியோவைக் கடைசி வரை பாருங்க!’

திருத்திய வடிவம்: ‘டெஸ்லா 2025 ஜூலை 15-ல மும்பையில கடை தொறந்துச்சு. மாடல் ஒய் ஆரம்ப விலை 59 லட்சத்து 89 ஆயிரம். அப்போ அமெரிக்காவுல இந்தக் கார் 45 ஆயிரம் டாலருக்குள்ள ஆரம்பிச்சுது, நம்ம காசுல 38 லட்சத்துப் பக்கம். நடுவுல இருந்த 20 லட்சத்துச் சொச்சம் பெரும்பாலும் இறக்குமதி வரி. இங்கேயே ஃபேக்டரி போட்டா அது இறங்கும்.’

இரண்டாவதில் வியப்புக்குறியே இல்லை. ஆனாலும் கேட்பவர் நிற்பார். எழுதியதை உங்கள் அப்பத்தாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் ‘என்னடா சொல்ற?’ என்கிறாரோ அங்கே திருத்த வேலை பாக்கி.

படி 9: ஃபார்வர்டு செய்வதும் பேசுவதுதான்

இந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. அந்த வாரம், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஆடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அடுத்த நாள் பொன்னமராவதியில் சாலை மறியல், கல்வீச்சு, நொறுங்கிய காவல் வாகனங்கள். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து 144 தடை உத்தரவு. பேசியவர்கள் இரண்டு பேர் என்றால், பரப்பியவை எத்தனை ஆயிரம் கை! ‘என்ன அநியாயம் பாருங்க’ என்று கோபத்தோடு அனுப்பியவரும் பரப்பியவர்தான். 2023-ல் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வந்த வீடியோக்களிலும் இதே கதை: வேறு இடத்து, வேறு சமயத்துக் காட்சிகள்; இங்கே திருப்பூர் வரைக்கும் பதற்றம்.

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், அது ஃபார்வர்டு என்றும் நீக்கிவிட்டேன் என்றும் சொன்னார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆகவே சாதி, மதம், பெண்கள் சம்பந்தப்பட்ட ஆடியோ எது வந்தாலும் ‘இதோ அந்த ஆடியோ’ என்று போட்டுக் காட்டிவிட்டுக் கண்டிக்காதீர்கள். கண்டிப்பது மட்டும் போதும். வ்யூஸ் குறையும், குறையட்டும்.

படி 10: கிளிப், காசு, ஓசி போன்

விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்திக்காகவும் சிறு பகுதியை எடுத்தாள 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. யூடியூப்பின் இயந்திரத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. பாட்டு ஓடினால் பிடித்துவிடும். 90 நாளில் மூன்று பதிப்புரிமை ஸ்டிரைக் வந்தால் சேனலே போகும். எனவே பாட்டைத் தொடாதீர்கள், டிரெய்லரில் ஐந்து நொடிக்கு மேல் ஓடவிடாதீர்கள்.

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி வ்யூஸ் போயிருக்க வேண்டும். 2025 ஜூலையில் தெளிவுபடுத்திய விதிப்படி, ஒரே அச்சில் வார்த்தாற்போல் குவிக்கும் வீடியோக்களுக்குக் காசு கிடையாது. ஏஐ குரலில் செய்தியை வாசித்து நாளுக்குப் பத்து போடலாம் என்று யாராவது வகுப்பு எடுத்தால், அவருக்கு வருமானம் அந்த வகுப்பிலிருந்துதான்.

கொஞ்சம் பெயர் வந்ததும் கடையிலிருந்து போன் ஓசியில் வரும், ‘நல்லதா நாலு வார்த்தை’ என்பார்கள். வாங்கினால் ‘இது இலவசமாக வந்தது’ என்று வீடியோவிலேயே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விதி அது. தவறான விளம்பரத்துக்குச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

படி 11: தப்பு வந்தால்

வரும். எண்களோடு புழங்கினால் எப்படியும் வரும். ‘அண்ணே, வரி 13 இல்ல, 18’ என்று ஒருவர் எழுதுவார். அவரை பிளாக் செய்யாதீர்கள். சரியாக இருந்தால் அவர் கருத்தையே மேலே பின் செய்யுங்கள். வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் பார்த்தவர் மனதில் பழைய எண்தான் தங்கும். போட்ட வீடியோவுக்குள் இருக்கும் பேச்சை மாற்ற முடியாது என்பதால் தலைப்பில் ‘திருத்தம் உண்டு’ என்று சேருங்கள், குறிப்பில் சரியான எண்ணை எழுதுங்கள், அடுத்த வீடியோவின் முதல் பத்து நொடியில் அதைச் சொல்லிவிட்டு அன்றைய செய்திக்குப் போங்கள்.